மர வீட்டின் பலம் எங்கே இருக்கிறது?

மகனையோ மகளையோ பார்க்க டல்லாஸுக்கோ டொராண்டோவுக்கோ போகிற பெற்றோர், காலை நடையில் ஒரு காட்சியைப் பார்த்துத் திகைத்து நிற்பதுண்டு. பக்கத்துத் தெருவில் புது வீடு எழும்பிக்கொண்டிருக்கும். முதல் வாரம் வெறும் மரச் சட்டங்கள்தான். அடுத்த வாரம் அந்தச் சட்டங்களின் மேல், மரச் செதில்களை ஒட்டிச் செய்த பழுப்புப் பலகைகளை அடித்திருப்பார்கள். அதன்மேல் ஒரு வெள்ளை உறை ஏறும். பிறகு செங்கல் முகப்பு வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். வீடு திரும்பியதும் கேள்வி வரும்: “இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு அட்டையை அடித்துக் கட்டுகிறார்களே, பெருங்காற்று வந்தால் நிற்குமா?”

நியாயமான கேள்விதான். செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் பார்த்து வளர்ந்தவருக்கு அந்தப் பலகை அட்டையாகத்தான் தெரியும். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் கொடுங்கள். அந்த வீட்டை நிமிர்ந்து நிற்க வைப்பதே அந்த ‘அட்டை’தான் என்பதையும், அதைவிட முக்கியமானது அதில் இறங்கியிருக்கும் ஆணிதான் என்பதையும் பார்த்துவிடலாம்.

வட அமெரிக்காவில் தனி வீடுகள் பெரும்பாலும் மரச் சட்டத்தில் எழுபவை. ‘ஸ்டட்’ எனப்படும் செங்குத்துச் சட்டங்களை வரிசையாக நிறுத்தி, மேலும் கீழும் படுக்கைச் சட்டம் வைத்து அடித்தால் அது ஒரு சுவரின் சட்டகம். சட்டத்தை 2க்கு 4 என்பார்கள். இழைத்த பிறகு நிஜ அளவு 1½ அங்குலத்துக்கு 3½ அங்குலம்தான். 16 அங்குலத்துக்கு ஒன்று, சில வீடுகளில் 24 அங்குலத்துக்கு ஒன்று என்று நிற்கும். கூரையின் எடையும், மாடியின் எடையும், குளிர்காலத்தில் கூரைமேல் சேரும் பனியின் எடையும் இந்தச் சட்டங்கள் வழியாக நேராக அஸ்திவாரத்துக்கு இறங்கிவிடும். மேலிருந்து அழுத்தும் சுமைக்கு இந்தச் சட்டகமே போதும்.

சிக்கல் பக்கவாட்டில் வருகிறது. காற்று சுவரைத் தள்ளும். நிலநடுக்கம் அடித்தளத்தை ஒரு பக்கமாக இழுக்கும். அப்போது செவ்வகமாக இருக்கிற சட்டகம் சாய்ந்த கட்டமாகச் சரியப் பார்க்கும். பின்பலகை கழன்றுபோன மர அலமாரியைத் தோளால் லேசாகத் தள்ளிப் பாருங்கள்: இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். பின்னால் மெல்லிய ஹார்ட்போர்டு ஒன்றை வைத்துச் சுற்றிலும் ஆணி அடித்துவிட்டால் ஆட்டம் நின்றுபோகும். மர வீட்டின் வெளிச்சுவரில் நடப்பதும் இதுவேதான். அந்தப் பின்பலகையின் வேலையைச் செய்கிற பலகைக்கு அங்கே ஷீத்திங் என்று பெயர்.

மெல்லிய பலகைக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது? ஒரு பலகையை வளைப்பது எளிது. அதன் நான்கு மூலைகளையும் பிடித்து, தட்டையாக வைத்தபடியே சாய்சதுரமாக மாற்றுவது மிகக் கடினம். சுவர் சரியும்போது சட்டகம் சாயப் பார்க்கிறது. பலகை செவ்வகமாகவே இருக்கப் பார்க்கிறது. இந்த இழுபறி முழுவதும் பலகையின் ஓரங்களில் இருக்கும் ஆணிகளில்தான் நடக்கிறது. அதனால்தான் பலகையின் ஓரத்தில் 6 அங்குலத்துக்கு ஓர் ஆணி, நடுவில் 12 அங்குலத்துக்கு ஓர் ஆணி என்பது சுவருக்கான வழக்கமான கணக்கு. நடு ஆணிகள் பலகை உப்பிக்கொண்டு வெளியே வராமல் பார்த்துக்கொள்ளும். சுமையைத் தாங்குவது ஓர ஆணிகள். நிலநடுக்கப் பகுதிகளில் அந்த 6 அங்குலம் 4 ஆகும், 3 ஆகும். பலகையை மாற்றாமல், ஆணியை நெருக்கியே சுவரின் பலத்தைக் கூட்டிவிடுவார்கள்.

ஆரம்பத்தில் பலகையும் இப்படி இருக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஓர் அங்குல மரப் பலகைகளை வரிசையாக அடித்தார்கள். விவரம் தெரிந்த தச்சர்கள் அவற்றைக் கோணலாக, மூலைவாட்டில் அடித்தார்கள். அப்படி அடித்தால் சுவர் சரியாது. வேலை அதிகம், மரச் சேதாரமும் அதிகம். பிளைவுட் 1905இல் போர்ட்லாண்டில் நடந்த கண்காட்சியிலேயே தலைகாட்டியது. ஆனால் அன்றைய பசைக்குத் தண்ணீர் ஆகாது. 1934இல் வாஷிங்டன் மாநிலத்தில் தண்ணீருக்கு அசையாத பசை ஒன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் பிளைவுட் வீட்டின் வெளிப்பக்கம் போக முடிந்தது. 1980களில் அதற்குப் போட்டியாக ஓஎஸ்பி வந்தது. சிறிய மரங்களை நீளச் செதில்களாகச் சீவி, மெழுகும் பிசினும் சேர்த்து, மேல் கீழ் அடுக்குகளில் செதில்கள் பலகையின் நீளவாட்டிலும், நடு அடுக்கில் குறுக்குவாட்டிலும் கிடக்கும்படி பரப்பி, சூட்டில் அழுத்திச் செய்வது. பிளைவுட்டுக்குத் தடித்த பெரிய மரம் வேண்டும். இதற்கு மெலிந்த ஆஸ்பென் மரமே போதும். விலையும் குறைவு என்பதால் இன்று நீங்கள் தெருவில் பார்ப்பது பெரும்பாலும் ஓஎஸ்பிதான்.

ஒரு பலகை 4 அடிக்கு 8 அடி. சுவருக்கு வழக்கமாக 7/16 அங்குலத் தடிமன், அதாவது சுமார் 11 மில்லிமீட்டர். எடை 20 கிலோவுக்குச் சற்று மேல். 8 அடி என்பது 96 அங்குலம். அது 16ஆலும் வகுபடும், 24ஆலும் வகுபடும். ஆகவே ஸ்டட்களைச் சரியான இடைவெளியில் நிறுத்தியிருந்தால் பலகையின் முனை எப்போதும் ஒரு சட்டத்தின் மையத்தில் வந்து விழும். இங்கேதான் தச்சரின் கை தெரிகிறது. சட்டத்தின் அகலம் 1½ அங்குலம். இரண்டு பலகைகள் அதன்மேல் சந்திக்கும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது முக்கால் அங்குல இடம்தான். ஆணி பலகையின் ஓரத்திலிருந்து 3/8 அங்குலம் தள்ளி இறங்க வேண்டும். அதற்கும் ஓரமாக அடித்தால் பலகை பிய்ந்துவிடும். உள்ளே தள்ளி அடித்தால் ஆணி சட்டத்தின் விளிம்பைப் பிளக்கும், அல்லது சட்டத்தையே தவறவிடும். சட்டம் அரை அங்குலம் விலகி நின்றிருந்தால் இந்தக் கணக்கு முழுதும் குலைந்துபோகும்.

பலகையின் மேல் ஒரு முத்திரை இருக்கும். அதில் 24/16 என்றோ 32/16 என்றோ இரண்டு எண்கள். முதல் எண், கூரையில் போட்டால் கைமரங்களுக்கு இடையே அதிகபட்சம் எத்தனை அங்குலம் விடலாம் என்பது. இரண்டாவது எண், தரைத் தளத்துக்குப் போட்டால் உத்தரச் சட்டங்களுக்கு இடையே எவ்வளவு விடலாம் என்பது. தடிமனைப் பார்த்து முடிவு செய்வதைவிட இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

சுவர் வேலையைப் பல இடங்களில் தரையில் படுக்கப்போட்டே செய்வார்கள். சட்டகத்தை அடித்து முடித்ததும் மூலைக்கு மூலை டேப் பிடித்து அளப்பார்கள். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக வந்தால் சட்டகம் சரியான செவ்வகம். சமமாக இல்லையென்றால் சுத்தியலால் தட்டிச் சரிசெய்த பிறகே பலகையைக் கிடத்துவார்கள். ஆணி இறங்கியபின் கோணல் அப்படியே உறைந்துவிடும். ஜன்னலும் கதவும் கடைசிவரை மல்லுக்கு நிற்கும். பலகை கீழ்ப்படுக்கைச் சட்டத்தோடு நின்றுவிடாமல், அதற்கும் கீழே இறங்கி, அஸ்திவாரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் மரத்தையும் பிடிப்பது உத்தமம். அப்போதுதான் காற்று தூக்குகிற சுமையும் பக்கவாட்டுச் சுமையும் அறுபடாமல் கீழே போகும். 9 அடி, 10 அடி நீளப் பலகைகள் கடையில் கிடைப்பது இதற்காகத்தான்.

ஜன்னல் வரும் இடத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஜன்னல் மூலைக்கு நேராக இரண்டு பலகைகளின் இணைப்பு வரக் கூடாது. சுவர் ஆடும்போது அதிக இழுவிசை சேருவது அந்த மூலைகளில். முழுப் பலகையாக அடித்துவிட்டு, ஜன்னல் அளவுக்கு உள்ளே வெட்டி எடுப்பவர்கள் நேரத்தை மிச்சப்படுத்துவதோடு அந்த மூலையையும் காப்பாற்றிவிடுகிறார்கள்.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே 1/8 அங்குலம், சுமார் 3 மில்லிமீட்டர், இடைவெளி விட வேண்டும். பார்க்கிறவருக்கு இது அரைகுறை வேலையாகத் தெரியும். பலகை ஆலையிலிருந்து காய்ந்து வருகிறது. வெளியே வந்ததும் காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஊதும். ஊத இடமில்லையென்றால் ஒன்றையொன்று முட்டி மேலே எழும்பும். கூரை போட்டுச் சில மாதங்களில், சாய்வெயில் படும் காலை நேரத்தில், பலகை இணைப்புகள் வரிவரியாகத் தெரிகிற வீடுகளை நீங்கள் பார்த்திருக்கலாம். நல்ல தச்சர் ஓர் ஆணியை நடுவில் செருகி அந்த இடைவெளியை அளந்துகொள்வார்.

இப்போது ஆணித் துப்பாக்கிக்கு வருவோம். காற்றழுத்தத்தில் இயங்கும் இந்தக் கருவி, சுத்தியலால் ஒருவர் நாளெல்லாம் அடிப்பதை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். அழுத்தத்தைக் கூடுதலாக வைத்துவிட்டால் ஆணியின் தலை பலகைக்குள் புதைந்துபோகும். 11 மில்லிமீட்டர் பலகையில் தலை 3 மில்லிமீட்டர் இறங்கினால், ஆணி பிடித்திருக்கும் மரத்தில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது என்று பொருள். சுமை வரும்போது ஆணி சட்டத்திலேயே நிற்கும். பலகை மட்டும் ஆணித் தலையைத் தாண்டிக் கழன்று வந்துவிடும். 1994 ஜனவரி 17 அதிகாலையில் லாஸ் ஏஞ்சலிஸை உலுக்கிய நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு மர வீடுகளை ஆராய்ந்தவர்கள் குறித்துவைத்த குறைகளில் இதுவும் ஒன்று. அந்த நடுக்கத்தில் நார்த்ரிட்ஜ் மெடோஸ் என்ற மூன்று மாடி மரச் சட்டக் குடியிருப்பில் 16 பேர் இறந்தார்கள். அங்கே காரணம் வேறு: கீழ்த்தளத்தில் கார் நிறுத்த இடம் திறந்து விட்டிருந்ததால், பக்கவாட்டு விசையைத் தாங்கும் சுவரே அங்கே போதவில்லை. பலகை அடித்த சுவர் இல்லாத தளம் எப்படி மடங்கும் என்பதற்கு அது சாட்சி.

கூரையில் கணக்கு மாறுகிறது. இங்கே பலகையின் நீளவாட்டம் கைமரங்களுக்குக் குறுக்கே போக வேண்டும். அந்தத் திசையில்தான் செதில்கள் ஓடுகின்றன, பலமும் அந்தத் திசையில்தான். இறவாணத்தில் தொடங்கி முகடு நோக்கி ஏறுவார்கள். முதல் வரிசை நூல் பிடித்தாற்போல நேராக இருந்தாக வேண்டும். அது கோணினால் முகடுவரை கோணும். அடுத்த வரிசையை அரைப் பலகையில் தொடங்கினால் இணைப்புகள் ஒரே கோட்டில் விழாது. முகட்டருகே கடைசியில் ஒரு கை அகலத் துண்டு மிஞ்சும்படி விடக் கூடாது. குறுகிய துண்டு மிதித்தால் வளையும். ஆகவே அதை முன்பே கணக்கிட்டுக் கீழ் வரிசையைக் கொஞ்சம் வெட்டிக்கொள்வார்கள். கைமரங்கள் 24 அங்குலத்துக்கு ஒன்றாக இருக்கும் கூரைகளில், நடுவே தாங்க ஆளில்லாத ஓரங்களைச் சேர்த்துப் பிடிக்க ‘எச்’ வடிவ உலோகக் கிளிப்புகளைச் செருகுவது வழக்கம். ஓஎஸ்பியின் ஒரு பக்கம் சொரசொரப்பாக இருக்கும். அந்தப் பக்கம்தான் மேலே வர வேண்டும். கால் வழுக்காமல் இருக்க அதுதான் துணை. 6 அடி உயரத்துக்கு மேல் வேலை செய்தால் விழாமல் தடுக்கும் ஏற்பாடு வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். மரத்தூள் படிந்த பலகையில் காலைப் பனியும் சேர்ந்துகொண்டால் அனுபவசாலியும் சறுக்குவார்.

சுவரில் ஓர ஆணிதான் பெரியவர் என்றோம். கூரையில் நடு ஆணி பெரியவர். காற்று சாய்கூரையின் மேலே ஓடும்போது பலகையை அழுத்துவதைவிட மேல்நோக்கி உறிஞ்சுகிறது. 24 அங்குல இடைவெளியில் கைமரம், 12 அங்குலத்துக்கு ஒரு நடு ஆணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நடு ஆணியும் 2 சதுர அடிப் பலகையைத் தன்னந்தனியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காற்று சதுர அடிக்கு 50 பவுண்டு உறிஞ்சினால், அந்த ஓர் ஆணியின் பங்கு 100 பவுண்டு. ஆணியை 6 அங்குலத்துக்கு ஒன்றாக நெருக்கினால் சுமை பாதியாகும். வளையம் வளையமாக வெட்டு உள்ள ஆணியைப் போட்டால் பிடிமானம் இன்னும் ஏறும். உறிஞ்சல் அதிகமாக இருப்பது கூரையின் மூலைகளிலும் விளிம்புகளிலும். அங்கே ஒரு பலகை போனால் மழை நேராக வீட்டுக்குள் விழும். காற்று உள்ளே புகுந்து, மிச்சப் பலகைகளைக் கீழிருந்தும் தள்ளத் தொடங்கும்.

இது வெறும் கணக்கல்ல. 1992 ஆகஸ்ட் 24 அன்று தெற்கு ஃபுளோரிடாவில் கரையேறிய ஆண்ட்ரூ சூறாவளி, ஆயிரக்கணக்கான வீடுகளின் கூரையைப் பெயர்த்தது. பிறகு ஆய்வுக்குப் போனவர்கள் பெயர்ந்த பலகைகளைப் புரட்டிப் பார்த்தார்கள். பல பலகைகள் முழுசாகவே இருந்தன. ஆணிக்குப் பதில் ஸ்டேப்பிள் கம்பி அடித்த இடங்கள், ஆணிகளுக்கு நடுவே அதிக இடைவெளி விட்டு அடித்த இடங்கள், ஆணி கைமரத்தையே தொடாமல் பக்கத்தில் இறங்கிய இடங்கள் என்று குறைகள் வரிசையாக வெளிப்பட்டன. மயாமியைச் சுற்றியுள்ள டேட் மாவட்டம் தன் கட்டட விதிகளை இறுக்கியது. 2002 மார்ச்சில் ஃபுளோரிடா முழுவதற்கும் ஒரே கட்டட விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது.

காற்றையும் நடுக்கத்தையும் ஆணி பார்த்துக்கொள்ளும். தண்ணீரை ஆணியால் ஒன்றும் செய்ய முடியாது. ஓஎஸ்பியின் வெட்டிய விளிம்பு ஈரத்தை உறிஞ்சினால் ஊதிக்கொண்டு பழைய தடிமனுக்குத் திரும்பாது. நாள்கணக்கில் ஈரத்திலேயே கிடந்தால் பூஞ்சை பிடித்து மக்கும். மக்கிய பலகையில் ஆணிக்குப் பிடிப்பு ஏது? ஆகவே பலகையின் மேல் அந்த வெள்ளை உறை. வெளியே இருந்து வரும் தண்ணீரைத் தடுத்து, உள்ளே சிக்கிய நீராவியை மட்டும் வெளியே விடும்படி செய்தது அது. கீழிருந்து தொடங்கி, மேல் உறை கீழ் உறையின் மேல் படியும்படி ஒட்ட வேண்டும். ஜன்னலைச் சுற்றிய பட்டைகளுக்கும் அதே விதி. ஓரிடத்தில் இது தலைகீழானாலும் உறையே தண்ணீரைப் பலகைக்கு வழிகாட்டிக் கூட்டிப்போகும். தரையிலிருந்தும் பலகை குறைந்தது 6 அங்குலம் மேலே நிற்க வேண்டும்.

இந்த விஷயத்தில் கனடாவின் வான்கூவர் கொடுத்த விலை பெரிது. 1980களிலும் 90களிலும் அங்கே கட்டிய பல அடுக்குமாடி வீடுகளின் வெளிப்பூச்சுக்குப் பின்னால் மழைநீர் புகுந்தது. புகுந்த நீர் வெளியேற வழியில்லை. சுவரைத் திறந்தபோது பலகையும் சட்டமும் கையால் பிய்க்கிற பதத்தில் இருந்தன. 1998இல் அந்த மாகாணத்தின் முன்னாள் முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அந்த அனுபவத்துக்குப் பின் அங்கே நிலைத்த பாடம், வெளிப்பூச்சுக்கும் உறைக்கும் நடுவே சிறிய காற்று இடைவெளி விட வேண்டும் என்பது. எந்தச் சுவரிலும் கொஞ்சம் தண்ணீர் புகத்தான் செய்யும். புகுந்தது வடியவும் காயவும் வழி இருந்தால் பலகை பிழைக்கும்.

டொராண்டோவை அடுத்த மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் வீடு வாங்கிய நம்மவர்கள் இதை ஒரு காரியத்துக்காக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வீடுகளின் வெளியே தெரியும் செங்கல் கூரையைத் தாங்கவில்லை. அது ஒற்றை வரிசை முகப்பு. அதற்குப் பின்னால் சுமார் ஓர் அங்குல இடைவெளி, பிறகு உறை, பிறகு பலகை. செங்கல் வரிசையின் அடியில், சில கற்களுக்கு ஒன்றாகச் சிமெண்ட் பூசாத சந்துகள் தெரியும். எறும்பு வருகிறது என்று அவற்றை அடைக்காதீர்கள். செங்கல்லைத் தாண்டி உள்ளே வந்த மழைநீர் வெளியேறுகிற வழி அதுதான்.

இந்த வேலையின் கஷ்டம், செய்ததும் மறைந்துவிடுவதுதான். உறை ஏறிவிட்டால் ஆணி சரியா தப்பா என்று யாருக்கும் தெரியாது. ஆகவே புது வீடு கட்டக் கொடுத்திருப்பவர், உறை சுற்றுவதற்கு முந்தைய நாள் போய்ப் பார்ப்பது நல்லது. ஓர ஆணிகளின் இடைவெளியை டேப்பால் அளக்கலாம். ஆணித் தலை பலகையோடு மட்டமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கலாம். பலகைகளுக்கு நடுவே சந்து இருக்கிறதா என்று பார்த்து, நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பழைய வீடு வாங்குபவருக்கும் ஒரு வழி இருக்கிறது. டார்ச் எடுத்துக்கொண்டு பரணில் ஏறிக் கூரைப் பலகையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கைமரத்தின் பக்கவாட்டில், மரத்தைத் தொடாமல், ஆணி நுனிகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தால் அந்த வரிசை பலகையைப் பிடிக்கவே இல்லை. உடனே பதற வேண்டியதில்லை. அடுத்த முறை மேல் ஓடுகளைப் பிரித்து மாற்றும்போது பலகை வெளியே தெரியும். அந்த ஒரு நாளில் இன்னொரு வரிசை ஆணி அடிக்க அதிகம் செலவாகாது. ஃபுளோரிடா, பழைய வீடுகளின் கூரையை மாற்றும்போது இப்படி மறுபடி ஆணியடிப்பதை 2007 முதல் விதியாகவே வைத்திருக்கிறது. மற்ற ஊர்களில் விதி இல்லாவிட்டாலும், கூரைக்காரரிடம் விலை பேசும்போதே அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.